பழுது இல்லாத கடிகாரம்

குடியிருப்பில் அவரை எல்லாரும் ஆடிட்டரம்மா என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அதை நிஜமென்று நம்பி, வரி சம்பந்தமாக ஏதாவது சந்தேகம் கேட்க வருவார்கள். வந்தவர்கள், தங்கள் வீட்டு வாசலில் மிதியடி கோணலாகக் கிடக்கிறது என்ற தகவலோடு திரும்பிப் போவார்கள். ஆடிட்டரம்மா படித்தது பள்ளி இறுதி வரைதான். கணக்கு எதையும் அவர் தணிக்கை செய்ததில்லை. மற்றதையெல்லாம் செய்வார்.

மாடிப்படியில் எந்தப் படி மற்ற படிகளைவிட அரை விரல் உயரம் என்பது கட்டியவருக்கே தெரியாது, அவருக்குத் தெரியும். மகன் தரை ஓடு விற்கும் கடை வைத்திருந்தான். அவன் சொந்த வீட்டுக் குளியலறையில் பதித்த ஓடுகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருப்பதை அவனுக்குத் தினமும் காலையில் நினைவூட்டுவார். மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவள் துணி மடித்தால் முனை சேராது, காய் நறுக்கினால் துண்டுகள் ஒரே அளவில் இருக்காது, கதவைச் சாத்தினால் சத்தம் வரும், சத்தம் வராமல் சாத்தினால் சரியாகச் சாத்தியிருக்கமாட்டாள். கணவர் காகித ஆலையில் சரக்கு அறையைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவருக்குக் காது மந்தம் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். காது நன்றாகவே கேட்கிறது என்பது அவருக்கும் காது வைத்தியருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஆடிட்டரம்மா கெட்டவர் இல்லை. பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்பவர் அவர்தான். நின்று, வெந்நீர் போட்ட பாத்திரத்தின் அடியில் கரி ஒட்டியிருப்பதையும் சொல்லிவிட்டு வருவார். சொல்லாமல் இருக்கலாமே என்று யாராவது கேட்டால் அவருக்கு உண்மையிலேயே புரியாது. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் அவர் கேள்வி.

ஒரு நாள் மருமகள் மருந்துக்கடைச் சுவரிலிருந்து ஒரு விளம்பரத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்க."

"கோணலா கிழிச்சிருக்க."

"கிழிச்சதைப் பாக்காதீங்க. உள்ள எழுதியிருக்கறதைப் படிங்க."

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பயிற்சிப் பள்ளி. சாவி கொடுக்கும் பழைய வகைக் கடிகாரங்களைப் பிரித்து, சுத்தம் செய்து, பழுது நீக்கி, மறுபடி பூட்டுவதற்குக் கற்றுத்தருவார்கள். வயது வரம்பு கிடையாது.

"வாட்ச் ரிப்பேரா? இந்த வயசுல எனக்கெதுக்குடி இது?"

"என்ன சரியில்லன்னு கண்டுபிடிக்கறதுதான் அங்க வேலையே. நாள் பூராவும் அதான். படிச்சு முடிச்சா அதுக்கே சம்பளம் குடுப்பாங்க."

"சம்பளமா? இத்தனை வருஷமா நான் சும்மா செஞ்சிட்டிருக்கேன்."

"அதான் அத்தை சொல்றேன்."

நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த காது கேளாத கணவர், "சேந்துடு" என்றார்.

பள்ளி ஒரு தபால் நிலையத்துக்கு மேல்மாடியில் இருந்தது. நீளமான அறை. ஜன்னலோரமாக வரிசையாக மேசைகள், உட்கார்ந்தால் நெஞ்சு உயரத்துக்கு வரும். முழங்கைகளை மேலே ஊன்றிக்கொண்டால்தான் கை நடுங்காது. அறையில் மின்விசிறி கிடையாது. காற்றடித்தால் பாகங்கள் பறந்துவிடும் என்பதால் மாணவர்கள் வியர்த்தபடி படித்தார்கள். வியர்வை பட்டால் பாகங்கள் துருப்பிடிக்கும் என்பதால் வியர்க்கவும் கூடாது. தரையில் வெளிர்பச்சை வண்ணம் பூசியிருந்தது. இடுக்கியிலிருந்து ஒரு திருகாணி தெறித்தால் அந்தப் பச்சையில்தான் தேடியாக வேண்டும். தெறித்தவர் "போச்சு" என்று சொன்னதும் அறையில் எல்லாரும் இருந்த இடத்தில் உறைந்துவிட வேண்டும், தூக்கிய காலைக் கீழே வைக்கக் கூடாது. முதல் மாதம் முழுக்க அந்த அறை பெரும்பாலும் உறைந்தே இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. பிரித்த கடிகாரத்தைத் திறந்துபோட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட முதலில் கண்ணாடி மூடியைக் கவிழ்த்துவிட்டு அப்புறம்தான் தும்ம வேண்டும். கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி, உச்சியில் ஒரு குமிழோடு இருக்கும் அந்த மூடி. "தூசிதான் நம்ம எதிரி" என்று வாத்தியார் தினமும் சொல்வார். மாணவர்கள் தூக்கத்தில்கூட எதையாவது மூடிக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் ஆடிட்டரம்மாவின் மகனைவிட இளையவர். சத்தமாகப் பேசத் தெரியாதவர். முதல் நாள் ஆளுக்கொரு பல்சக்கரத்தைக் கையில் கொடுத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் சக்கரம் தெரிகிறது என்றார். ஒருவர் தன்னுடைய இமைமயிர் தெரிகிறது என்றார். ஆடிட்டரம்மா, ஒரு பல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, நடுத்துளை நடுவில் இல்லை, யாரோ சக்கரத்தை விரலால் தொட்டிருக்கிறார்கள் என்றார்.

வாத்தியார் வாங்கிப் பார்த்தார். "நல்ல கண்ணும்மா உங்களுக்கு" என்றார்.

இந்த விஷயத்துக்காக அவரை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், சோபா உறை கலைந்திருந்ததைப் பார்த்தும் பேசாமல் அதன்மேலேயே உட்கார்ந்தார். மருமகள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கண்ணுக்குச் சமமாகக் கை வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் இடுக்கியில் பிடித்த திருகாணிகள் மற்றவர்களுடையதைவிட அதிக தூரம் பறந்தன. பக்கத்து மேசையில், முதுகுவலியால் பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டு வந்த ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் பிடித்துப் பருத்த விரல்கள். அந்த விரல்களில் மயிரிழை ஸ்பிரிங் பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் கிடக்கும்.

"எப்படித் தம்பி உனக்கு மட்டும் பறக்கல?"

"இறுக்கிப் பிடிக்கிறீங்கக்கா. அதான் அது தப்பிச்சு ஓடப் பாக்குது."

"இறுக்கிப் பிடிக்கலைன்னா விழுந்துடாதா?"

"நீங்க வீட்டுலயும் இப்படித்தானாக்கா?"

"நீ உன் வேலையைப் பாரு. உன் கோட்டுல ரெண்டாவது பொத்தான் தொங்குது."

அடுத்த மேசையில் ஓர் இளம்பெண். எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டுதான் என்றாலும் அவளுடைய கோட்டு மட்டும் கஞ்சி போட்டு நிற்கும். கையுறையைக் கழற்றமாட்டாள். கடிகாரத்தைப் 'பேஷன்ட்' என்பாள். டாக்டர் என்று பெயர் வைத்தது டிரைவர். அவள் அதைக் கேலியென்று எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பு நடந்த ஓராண்டும் வீட்டில் வசந்தம். ஆடிட்டரம்மா காலையில் கிளம்பிப் போய் நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, மாலையில் கண்கள் சிவக்கத் திரும்பி வருவார். வீட்டில் மிச்சமிருந்ததைப் பார்க்க அவருக்குத் தெம்பு இருக்காது. மகன் குளியலறையில் பாட ஆரம்பித்தான். கணவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது கேட்கத் தொடங்கியது. வைத்தியம் பலித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

பரீட்சை நெருங்கியதும் மருமகள்தான் நாட்களை எண்ண ஆரம்பித்தாள். பள்ளியில் இடம் குறைவு. தேறாதவர்களை மறுபடி சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. சான்றிதழ் இல்லாமல் எந்தக் கடையும் வேலைக்கு எடுக்காது. ஆடிட்டரம்மா தேறாவிட்டால் நேராக வீட்டுக்குத்தான் வருவார், இந்தத் தடவை லென்ஸோடு. மருமகள் கடைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, மாமியாருக்குத் தெரியாமல் வாத்தியாரைப் போய்ப் பார்த்தாள்.

"எங்க அத்தை பாஸ் ஆயிடுவாங்களா சார்?"

"நல்லா படிக்கறாங்கம்மா."

"அது போதாது சார். பாஸ் ஆகணும்."

"ஏம்மா, வீட்டுல ஏதாவது கஷ்டமா?"

"இப்ப ஒண்ணும் இல்ல சார். ஃபெயில் ஆனா வரும்."

வாத்தியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "புரியுதும்மா" என்றார். ஓராண்டாக அவரும் ஆடிட்டரம்மாவோடு ஒரே அறையில் இருந்தவர்.

ஆடிட்டரம்மாவுக்கும் தேறியாக வேண்டும், காரணம்தான் வேறு. அந்த அறையில் அவர் வாயைத் திறந்தால் ஆட்கள் எழுந்து போகவில்லை, அருகில் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த வாழ்க்கையை ருசி பார்த்துவிட்டு, மறுபடி மிதியடியும் பாத்திரமுமாக இருக்க அவருக்கு மனம் வரவில்லை. உறவில் எல்லாரிடமும் வேறு சொல்லியாகிவிட்டது.

அந்தப் பள்ளியின் பரீட்சை ஒரு தனி வகை. மாணவர்கள் ஒவ்வொருவரும் இன்னொருவருக்காக நல்ல கடிகாரம் ஒன்றில் ஒரு பழுதை வைக்க வேண்டும். என்ன வைத்தோம் என்பதை வாத்தியாரின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் அந்தக் கடிகாரம் யாருக்குப் போகிறதோ அவர் பழுதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். பழுது பார்ப்பதற்கு எவ்வளவு மதிப்பெண்ணோ, பழுது வைப்பதற்கும் அவ்வளவு மதிப்பெண். நன்றாகக் கெடுக்கத் தெரியாதவனுக்கு நன்றாகச் சரிசெய்யத் தெரியாது என்பது பள்ளியின் கொள்கை.

கடிகாரங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. மேலுறை இல்லாமல், உள்ளே இருக்கும் எந்திரம் மட்டும், சின்ன ஸ்டாண்டில் நிற்கும். மேலே கண்ணாடி மூடி. யாருடைய கடிகாரம் என்ற எண் மூடியில்தான் ஒட்டியிருக்கும். எந்திரத்தில் ஒட்ட இடம் ஏது.

ஆடிட்டரம்மாவுக்கான கடிகாரத்தில் பழுது வைக்கும் பொறுப்பு டாக்டருக்கு வந்தது. டாக்டருக்கான கடிகாரத்தில் பழுது வைக்க வேண்டியவர் டிரைவர்.

டாக்டர் பின்னறைக்குள் போய், தன் பிரஷ்ஷிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெட்டி, ஒரு சக்கரத்தின் பற்களுக்கிடையில் செருகினாள். கடிகாரம் நின்றது. அந்த அழகில் மயங்கி, மூடியைப் போட மறந்து வெளியே வந்துவிட்டாள்.

அடுத்து டிரைவர் போனார். டாக்டரின் எண் போட்ட மூடியைத் தூக்கினார். தூக்கிய கையோடு பக்கத்தில் பார்த்தால், ஒரு கடிகாரம் பிறந்த மேனியாகக் கிடக்கிறது. ஓராண்டுப் பயிற்சி வீணாகவில்லை. அவருக்குப் பதறிவிட்டது. யோசிக்காமல் கையிலிருந்த மூடியை அதன்மேல் கவிழ்த்தார். அப்புறம் எண்ணெய்க் குச்சியை எடுக்கத் திரும்பினார். திரும்பி வந்து டாக்டரின் எண்ணைத் தேடினார். மூடி இருந்தது. தூக்கினார். மயிரிழை ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்தார். சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் நீளம் குறைந்துபோகும், கடிகாரம் தலைதெறிக்க ஓடும். அருமையான பழுது. அந்தப் பெருமையில், கடிகாரம் ஏற்கெனவே நின்றுபோயிருப்பதை அவர் கவனிக்கவில்லை. மூடியைப் போட்டார். திறந்து கிடந்த இன்னொன்றின் மேல், பக்கத்தில் இருந்த மிச்ச மூடியையும் பொறுப்பாக எடுத்துக் கவிழ்த்தார். அதில் ஆடிட்டரம்மாவின் எண் இருந்தது.

ஆக, டாக்டருக்குப் போன கடிகாரத்தில் இரண்டு பழுதுகள். ஆடிட்டரம்மாவுக்குப் போனதில் ஒன்றும் இல்லை. அன்று சட்டத்தை மறந்தது ஒருவர், அதை அப்படியே கடைப்பிடித்தது இன்னொருவர். குழப்பம் இரண்டாமவரால்தான் வந்தது.

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். ஜலதோஷம் பிடித்த மனிதர். தும்மல் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார். அவர் மேசையில், கடிகாரத்தின் ஓசையைக் கேட்டு அது வேகமா மெதுவா என்று சொல்லும் கருவி ஒன்று இருந்தது.

டாக்டர் தன் கடிகாரத்தைத் திறந்ததும் அது நின்றுபோயிருப்பதைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் காரணம் கிடைத்துவிட்டது. சக்கரப் பல்லில் ஒரு பிரஷ் முடி. தான் நேற்று வைத்த அதே இடம், அதே நீளம், அதே கோணம். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த டிரைவர் எட்டிப் பார்த்துத் தன்னைக் காப்பியடித்துவிட்டார் என்று நினைத்தாள். முடியை எடுத்தாள், கடிகாரம் ஓடியது. கையுறையைக் கழற்றிவிட்டு, கைகட்டி உட்கார்ந்தாள்.

ஆடிட்டரம்மாவின் கடிகாரம் மூடியைத் தூக்கும்போதே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற கடிகாரத்தில் பழுது என்றால் அது பெரிய ஆள் வைத்த பழுது என்று அவருக்கு உற்சாகமாகிவிட்டது. ரப்பர் பந்தை அமுக்கித் தூசி ஊதினார். லென்ஸை மாட்டினார். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். சக்கரங்களின் அச்சு சுழலும் ஒவ்வொரு சிறு கல்லிலும் எண்ணெய் அளவாக இருந்தது. திருகாணிகள் அதனதன் இடத்தில் இருந்தன. ஸ்பிரிங் மூச்சு விடுவது போல ஒரே சீராக விரிந்து சுருங்கியது. பிரித்தார். பிரித்ததில் ஒன்றும் தெறிக்கவில்லை, அது வேறு அவருக்குப் பயமாக இருந்தது. கழுவினார், துடைத்தார், திரும்பப் பூட்டினார். மறுபடி ஓடியது. முதல் தடவை ஓடியதைப் போலவே.

பக்கத்தில் டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். ஆடிட்டரம்மாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு குற்றமும் இல்லாத பொருளை அவர் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கிறார். அது இப்படியா பரீட்சை நாளில் வந்து சேர வேண்டும்.

தேர்வாளர் அவர் மேசைக்கு வந்தார். கூடவே வாத்தியார்.

"என்ன பழுதும்மா?"

"பாத்துட்டேன் சார்."

"சரி, சொல்லுங்க."

ஆடிட்டரம்மா லென்ஸைக் கழற்றினார். "எல்லாம் சரியா இருக்கு."

இந்தச் சொற்களை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை என்பதால் வாத்தியாருக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா சொன்னீங்க?"

"சரியா இருக்கு சார். இதுல ஒண்ணும் இல்ல."

"இருக்கும்மா. எங்கிட்ட சொல்லியிருக்காங்க. இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு தடவை பார்த்தார். இல்லை. வாத்தியாருக்குச் சங்கடமாகிவிட்டது. டாக்டர் வைத்தது முடி என்று அவருக்குத் தெரியும். கடிகாரம் ஓடுவதும் கண்ணெதிரே தெரிகிறது. ஊதும்போது முடி பறந்திருக்க வேண்டும் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். மருமகளின் முகம் வேறு அவர் கண்முன்னே வந்தது. தேர்வாளர் தும்மப் போன சமயம் பார்த்து மெல்லக் குனிந்தார்.

"அம்மா, சக்கரப் பல்லுல ஏதாவது, ஒரு பேச்சுக்கு முடி மாதிரி ஏதாவது மாட்டியிருந்து, நீங்க ஊதினதுல பறந்து போயிருக்கலாம் இல்லையா? நல்லா யோசிங்க."

இதற்கு மேல் ஒரு வாத்தியார் என்னதான் செய்ய முடியும். டிரைவர் பக்கத்து மேசையிலிருந்து, "ஆமான்னு சொல்லுங்கக்கா" என்று உதட்டை அசைத்தார். ஆமாம் என்ற ஒரு சொல்தான், சான்றிதழ் கைக்கு வந்துவிடும். தேர்வாளரும் கர்சீப்போடு திரும்பி வந்துவிட்டார்.

"இல்ல சார்" என்றார் ஆடிட்டரம்மா.

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"இருந்திருந்தா நான் பாத்திருப்பேன்."

இதை நேர்மை என்று பிற்பாடு உறவினர்கள் பலர் மெச்சினார்கள். நேர்மைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. ஒரு முடி தன் கண்ணுக்குத் தப்பியது என்று ஒப்புக்கொள்வதைவிட ஃபெயில் ஆவது அவருக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

டாக்டரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றாள். "நானே வெச்சேன் சார். என் கையால. மூணாவது சக்கரத்துல, என் பிரஷ் முடி."

"நீ வெச்சா அது இருக்கணும்ல?" என்றார் ஆடிட்டரம்மா. "எங்க இருக்கு? காட்டு."

"நீங்க ஊதிட்டீங்க."

"உன் மேசையில லென்ஸை எங்க வெச்சோம்னு தினமும் தேடற. முடியை மட்டும் சரியா வெச்சியாக்கும்."

தேர்வாளர் பேனாவை எடுத்தார். "பழுதைக் கண்டுபிடிக்கல. வேற வழியில்லம்மா" என்று எழுதப்போனவர், முறைப்படி மற்றவர்களுடையதையும் பார்த்துவிட்டு மொத்தமாக எழுதிவிடலாம் என்று டாக்டரின் கடிகாரத்தை எடுத்துக் கருவியில் வைத்தார். கருவி பித்துப் பிடித்தது போல ஓடியது. ஒரு நாளைக்குள் அடுத்த வாரத்தை எட்டிவிடும் வேகம்.

"இது என்னம்மா?"

டாக்டர் வந்து கருவியை எட்டிப் பார்த்தாள். "சரி பண்ணிட்டேனே சார். முடி இருந்தது, எடுத்துட்டேன்."

"முடியா?" என்றார் டிரைவர். "நான் முடியே வெக்கலையே. ஸ்பிரிங்குல எண்ணெய்ல்ல வெச்சேன்."

அறை உறைந்தது, யாரும் "போச்சு" என்று சொல்லாமலே. டிரைவர் தன் பெரிய கைகளைப் பார்த்தார். மூடியைப் பிடிப்பது போல ஒரு கையைத் தூக்கினார், பக்கத்தில் இருந்த எதன்மேலோ கவிழ்த்தார், மறுபடி தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

"சார்," என்றார், "திறந்து கிடந்துதுன்னு மூடினேன் சார்."

எல்லாம் விளங்கியது. விளங்கியும் பிரச்சினை தீரவில்லை. தேர்வாளர் விதிகளைப் புரட்டினார். மாணவர் பழுதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆடிட்டரம்மா கண்டுபிடிக்கவும் இல்லை, நீக்கவும் இல்லை.

"இல்லாததைக் கண்டுபிடிக்கலைன்னு எப்படி சார் ஃபெயில் போடறது?" என்றார் வாத்தியார், வாழ்க்கையில் முதன்முறையாகக் கொஞ்சம் சத்தமாக.

"நல்ல வாட்ச்சுக்கு மார்க் போட எனக்கு இடமே குடுக்கலையேய்யா."

கடைசியில் ஒரு வழி செய்தார்கள். டாக்டரின் கடிகாரத்தை ஆடிட்டரம்மாவிடம் கொடுத்து, அதில் மிச்சமிருக்கும் பழுதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அது என்ன பழுது, எங்கே இருக்கிறது, யார் வைத்தார் என்பதெல்லாம் அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விதி விதிதான். ஆடிட்டரம்மாவும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. லென்ஸை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். தேர்வாளர் ரயிலை நினைத்துத் தவித்தார்.

"ஸ்பிரிங்குல எண்ணெய் ஒட்டியிருக்கு" என்றார்.

"சரி, போதும்."

"ஒரு திருகாணித் தலையில கீறல். இந்தப் பொண்ணு தப்பான அளவு திருப்புளியைப் போட்டிருக்கா. சக்கரத்தை மேலேருந்து பிடிச்சிருக்கற பாலத்துல விரல் ரேகை. கையுறை போட்டும் எப்படி வந்ததுன்னு தெரியல."

"போதும்மா."

"உங்க மெஷினும் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது சார். அடியில ஒரு அட்டை வெச்சீங்கன்னா சரியாயிடும்."

தேர்வாளர் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெஷினுக்கு அடியில் ஓர் அட்டையும் வைத்தார். டாக்டருக்கும் டிரைவருக்கும் மட்டும் மறுதேர்வு வைப்பதாக வாத்தியார் அவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். மூடியைக் கவிழ்த்ததற்காக ஒருவரை வெளியே அனுப்பினால் அப்புறம் அந்தப் பள்ளியில் யார் எதை மூடுவார்கள்.

சேதி கேட்ட மருமகள் மருந்துக்கடையிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். வாடிக்கையாளர் ஒருவர் அவளுக்கே மாத்திரை வாங்கிக் கொடுக்கப் பார்த்தார்.

ஆனால் கடைகள் ஆடிட்டரம்மாவை எடுக்கவில்லை. சான்றிதழைப் பார்த்தார்கள், வயதைப் பார்த்தார்கள், அப்புறம் அவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னவற்றைக் கேட்டார்கள். வீட்டில் மகன் பாடுவது நின்றது. கணவருக்கு மறுபடி காது மந்தமாக ஆரம்பித்த நேரத்தில் வாத்தியார் வந்தார்.

"அம்மா, இனிமே பசங்களை விட்டுப் பழுது வைக்கச் சொல்ல வேண்டாம்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. அதுக்குன்னே ஒரு ஆளைப் போடறாங்க. நீங்க வரீங்களா?"

"நானா? நல்ல வாட்ச்சைக் கெடுக்கறதுக்கா?"

"ஆமாம்மா. மாசச் சம்பளம்."

"அத்தை வருவாங்க சார்" என்றாள் மருமகள். சமையலறையிலிருந்து வந்த குரல் அது. அங்கிருந்து அவளுக்கு எதுவும் கேட்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அந்த வேலையில்தான் ஆடிட்டரம்மா இன்றைக்கும் இருக்கிறார். அதில் அவர் கெட்டிக்காரர் இல்லை. அடுத்தவர் மறைத்து வைத்ததைத் தோண்டி எடுக்கத் தெரிந்தவருக்குத் தானாக ஒன்றை மறைத்து வைக்க வரவில்லை. எல்லாவற்றையும் உடனுக்குடன் சொல்லியே வாழ்ந்துவிட்டவர். அவர் வைத்த பழுதுகளை மாணவர்கள் உட்கார்ந்த சூட்டிலேயே கண்டுபிடித்தார்கள். முதல் பரீட்சையில் எல்லாரும் தேறினார்கள். மேலிடம் மகிழ்ந்து பள்ளியைப் பாராட்டியது. வாத்தியாருக்கு மட்டும் உறுத்தல்.

"இன்னும் கொஞ்சம் மறைவா வைக்கலாமேம்மா."

"மறைவாத்தான் சார் வெச்சேன்."

காரணம் வெளியே வரக் கொஞ்ச நாளாயிற்று. அதைக் கண்டுபிடித்தது கணவர். மறைத்து வைக்கப் பழகுகிறேன் பேர்வழி என்று, ஒரு மாலை ஆடிட்டரம்மா முன்னறையில் ஏதோ ஒன்றை மாற்றி வைத்துவிட்டு, என்ன என்று கண்டுபிடிக்கும்படி கணவரிடம் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அந்த அறையில் எதையும் கவனித்திராத மனிதர். சட்டென்று சுவரிலிருந்த படத்தைக் காட்டினார்.

"அது தலைகீழா இருக்கு."

"எப்படிங்க தெரிஞ்சது?"

"நான் எங்க படத்தைப் பாத்தேன்? உன்னைத்தான் பாத்தேன். நீ வந்து நின்னதுலேந்து அதையே முறைச்சிட்டிருக்க."

மாணவர்கள் லென்ஸ் வழியாகக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தங்கள் மேசை அருகே வந்து நிற்கும் அம்மாவின் கண் எந்தச் சக்கரத்தின்மேல் போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் சொல்லியும் கொடுத்துக்கொண்டார்கள்.

இப்போது பரீட்சை நாளில் ஆடிட்டரம்மாவை அறைக்குள் விடுவதில்லை. வெளியே தபால் நிலையத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். தபால் போட வருகிறவர்களிடம் உறையில் முகவரி சாய்ந்து போகிறது, பசை சரியாக ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். மேலே ஜன்னலோரத்தில் மாணவர்கள் நிஜமாகவே வியர்த்துக்கொண்டிருப்பார்கள்.